குதையும் பூணும்: வில்லின் நுனி கூறும் வரலாறு

தசரா நாள்கள் நெருங்கும்போது வடபுலத்து நகரங்களின் கடைத்தெருக்களில் மூங்கில் வில்லும் அம்பும் விற்பனைக்கு வந்துவிடும். இராமலீலை கண்டு திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகள் அவற்றை விரும்பி வாங்கி வருவர். வில் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே குறை தொடங்கும். நாண் நழுவும்; அல்லது நாண் கட்டிய இடத்தில் மூங்கில் பிளக்கும். அந்த வில் நடுவில் ஒடிவது அரிது. பெரும்பாலும் நுனியில்தான் கெடுகிறது. பிள்ளை முகம் வாட, தந்தை நூலை எடுத்து நுனியில் இறுக்கிச் சுற்றித் தருவார். உலகில் வில் செய்தோர் எல்லாரும் எதிர்கொண்ட ஓர் இடரையும், அதற்கு அவர்கள் கண்ட தீர்வையும் அத்தந்தை தம்மை அறியாமலே மீண்டும் ஒருமுறை கண்டுவிடுகிறார்.

நாண் வந்து பொருந்துவதற்காக வில்லின் நுனியில் வெட்டப்படும் பள்ளத்திற்குத் தமிழில் 'குதை' என்று பெயர். 'விற்குதை' என்றும் வழங்கும். அம்பின் அடியில் நாண் பொருந்தும் வெட்டுக்கும் இச்சொல்லே உரியது. அந்தக் குதை தேயாமலும் பிளவாமலும் இருக்கக் கொம்பு, எலும்பு, கடுமரம் முதலியவற்றை நுனியில் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அதனை இக்கட்டுரையில் 'பூண்' என்று குறிப்பிடுவோம். உலக்கையின் அடியில் பூண் கட்டியதைக் கண்டவர்க்கு இச்சொல்லின் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

வில்லைப் பற்றிய வரலாறுகள் போர்க்களங்களைப் பேசும், அரசர்களைப் பேசும். விரலளவே உள்ள இப்பூணைப் பற்றிப் பேசுவன மிகச் சில. ஆயினும் வில் என்னும் கருவி நமக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, எவ்வாறு நம்மிடமிருந்து நழுவிற்று என்பதை அறிவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேறில்லை எனலாம்.

நுனி தாங்கும் சுமை

வில்லை வளைக்கும்போது அதன் முதுகு நீள்கிறது, வயிறு சுருங்குகிறது. (இலக்கை நோக்கிய பக்கத்தை முதுகு என்றும், வில்லாளியை நோக்கிய பக்கத்தை வயிறு என்றும் கொள்க.) அவ்வாறு சேர்ந்த ஆற்றல் அனைத்தும் நாணின் வழியாகவே அம்பைச் சென்றடைய வேண்டும். நாணோ இரண்டே இடங்களில்தான் வில்லைத் தொடுகிறது. அவ்விரண்டு இடங்களும் குதைகளே. அம்பு விடுபடும் கணத்தில் விரைந்து திரும்பும் வில்லின் இரு கைகளையும் நாண் திடீரென இழுத்து நிறுத்துகிறது. அப்போது குதையின்மேல் விழும் விசை, வில்லாளி இழுத்த எடையினும் மிகுதியாகும்.

அப்படியாயின் நுனியைப் பருமனாக விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் எழுகிறது. வில்லின் உறுப்புகளுள் மிகுந்த தொலைவு ஓடித் திரும்புவது நுனியே. நுனி கனமாக இருந்தால், அம்புக்குச் செல்லவேண்டிய ஆற்றலின் ஒரு பகுதி நுனியை நகர்த்துவதிலேயே செலவாகிவிடும்; அம்பு மெதுவாகப் பறக்கும்; வில் கையை அதிர வைக்கும். எனவே நல்ல வில்லின் நுனி மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய மரத்தில் பள்ளம் வெட்டினாலோ நாண் அதனை அறுக்கும். மரத்தின் இழை நெடுக்கில் பிளக்கும். நுனி மெலியவும் வேண்டும், வலியதாகவும் வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கே பூண் பிறந்தது.

பூண் இருவகைப்படும். ஒன்று தொப்பி போன்றது. மாட்டுக் கொம்பின் கெட்டியான நுனிப் பகுதியை அறுத்தெடுத்து, அதில் கூம்பு வடிவில் துளையிட்டு, அதே வடிவில் செதுக்கிய வில்லின் நுனியில் செருகி ஒட்டுவது. மற்றொன்று பட்டை போன்றது. வில்லின் நுனியில் முதுகுப் பக்கத்தைச் சமதளமாக இழைத்து, கொம்பு அல்லது எலும்பின் சிறு துண்டை அதன்மேல் ஒட்டி, பசை இறுகிய பின் அரத்தால் அராவி வடிவாக்குவது. நாணின் கண்ணி முதுகின்மேல் வளைந்து இரு பக்கங்களிலும் இறங்குவதால், அழுத்தம் மிகுந்து விழும் இடம் முதுகுப் பக்கமே. பட்டையை அங்கே ஒட்டுவதன் காரணம் இதுவே. குதையின் பள்ளம் பெரும்பாலும் பட்டையிலேயே வெட்டப்படும். அடியிலுள்ள மரத்தின் இழைகள் அறுபடாமல் நிற்கும். பள்ளத்தின் விளிம்புகளைக் கூர்மையாக விடாது மழுக்கி விடுவர். விட்டால் அவை நாணை அறுத்துவிடும்.

பழங்காலத்தில் தச்சர்கள் இன்றும் 'வச்சிரம்' என வழங்கும் தோற்பசையும், மீனின் உறுப்புகளிலிருந்து காய்ச்சிய பசையும் இவ்வேலைக்குப் பயன்பட்டன. ஒட்டும் பரப்புகள் இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும்; கைபட்ட எண்ணெய்ப் பசை அவற்றில் இருத்தலாகாது. வேலை சிறிதே, ஆயின் அது தவறினால் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த வில் ஒரு கணத்தில் பாழாகும்.

இங்கிலாந்தின் நெடுவில்

மரவில்லின் வரலாற்றில் இங்கிலாந்தின் நெடுவில் தனிச்சிறப்பு உடையது. 1346-இல் கிரெசியிலும் 1415-இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் படைகளை வென்ற பெருமை அதற்கு உண்டு. அவ்வில் யூ என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. அம்மரத்தின் வெளிப்புற வெண்மரம் இழுவிசையை நன்கு தாங்கும். உட்புறச் செம்மரம் அழுத்தத்தைத் தாங்கும். இரண்டும் சேர்ந்து வருமாறு பிளந்தெடுத்தால் இயற்கையே ஒட்டித் தந்த இரட்டை வில்லாக அது அமையும். இத்தகைய மரத்தின் தேவை மிகுந்தமையால், இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வரும் வணிகக் கப்பல்கள் தாம் கொணரும் சரக்கின் அளவுக்கேற்ப வில் மரங்களையும் கொண்டுவர வேண்டுமென 1472-இல் சட்டமே இயற்றப்பட்டது.

வெளிநாட்டிலிருந்து வருந்திக் கொணர்ந்த அம்மரத்துக்கும் ஒரு குறை இருந்தது. சணல் முறுக்கிய கடிய நாண், யூ மரத்தின் நுனியைத் தேய்த்து அறுத்துவிடும். அதற்கு மருந்து உள்ளூர் மாட்டின் கொம்பில் கிடைத்தது. நெடுவில்லின் இரு நுனிகளிலும் கொம்புப் பூண் இடம்பெற்றது.

இலண்டனில் வில் செய்வோர் ஒரு குழுவாகவும், அம்பு செய்வோர் மற்றொரு குழுவாகவும் 1371-இல் பிரிந்தனர். நாண் திரிப்போரும் கொம்பு வேலை செய்வோரும் தனித்தனித் தொழிலினர். இத்தனை தொழில்களும் சந்திக்கும் இடம் வில்லின் நுனியில் உள்ள அந்த விரலளவு இடமே என்பது எண்ணத்தக்கது.

1545: ஒரு நூலும் ஒரு கப்பலும்

1545-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ரோஜர் ஆஸ்கம் என்னும் அறிஞர் 'டாக்சோபிலஸ்' என்ற பெயரில் விற்கலை பற்றிய நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டு, எட்டாம் ஹென்றி அரசனுக்குக் காணிக்கையாக்கினார். வில் ஒடிவதற்கான காரணங்கள் நான்கென வகுத்த அவர், அவற்றுள் முதலாவதாக நாணையே வைத்தார். நாண் அறுந்தால் வில் ஒடியும் என்பது அக்கால வில்லாளர் நன்கறிந்த உண்மை.

அதே ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், அதே அரசனின் போர்க்கப்பலான 'மேரி ரோஸ்' போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் அருகே பிரெஞ்சுக் கடற்படையோடு பொருதுகையில் கவிழ்ந்து மூழ்கியது. ஏறத்தாழ 500 பேர் அதில் இருந்தனர். உயிர்தப்பியோர் மிகச் சிலர். அரசன் கரையிலிருந்து அக்காட்சியைக் கண்டான் என்பர்.

கப்பலோடு விற்களும் மூழ்கின. நிலத்தின்மேல் எஞ்சிய விற்களோ ஒவ்வொன்றாக மறைந்தன. வில் பழகித் தேய்ந்தால் விறகாகும். அதனைக் காத்து வைப்பார் இலர். 1595-இல் இங்கிலாந்தின் பயிற்சிப் படைகளில் வில்லுக்கு மாற்றாகத் துப்பாக்கியைக் கொள்ளுமாறு ஆணை பிறந்தது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட நெடுவில்லில் ஒன்றைக்கூட எளிதிற் காணவியலாத காலம் வந்தது. 1836-இல் ஜான் டீன் முதலிய மூழ்காளர்கள் அக்கப்பலிலிருந்து சில விற்களை எடுத்தனர். பின்னர்க் கப்பல் கிடந்த இடமே மறந்துபோயிற்று.

மீண்டும் 1971-இல் கப்பல் அடையாளம் காணப்பட்டது. 1979 முதல் 1982 வரை மூழ்காளர்கள் சேற்றை அகழ்ந்து பொருள்களை எடுத்தனர். 1982 அக்டோபர் 11-ஆம் நாள் கப்பலின் எஞ்சிய உடலே மேலே தூக்கப்பட்டது. பெட்டிகளில் அடுக்கியவாறும், தளங்களில் சிதறியும் 137 முழு விற்கள் கிடைத்தன. அம்புகள் 3,500-க்கும் மேற்பட்டவை. விற்களின் சராசரி நீளம் ஏறத்தாழ 1.98 மீட்டர், ஓர் ஆளினும் உயர்ந்தவை. அவற்றை அளந்து ஆராய்ந்தோர், அவற்றை முழுதும் இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை, அதாவது 45 முதல் 84 கிலோகிராம் வரை விசை வேண்டியிருந்திருக்கும் என மதிப்பிட்டனர். இன்றைய ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடவர் ஏந்தும் வில் ஏறத்தாழ 50 பவுண்டு அளவினதே.

பூண் எங்கே?

இத்துணை விற்கள் கிடைத்தும் கொம்புப் பூண் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். காற்றுப் புகாத கடற்சேறு மரத்தை 437 ஆண்டுகள் காத்தது. கொம்பை அது காக்கவில்லை. நம் நகமும் மயிரும் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளால் ஆனதே கொம்பு. நீரடியில் அது நுண்ணுயிர்களுக்கு இரையாயிற்று.

ஆயினும் பூண் இருந்ததை மரம் மறக்கவில்லை. விற்களின் நுனிகள் கூம்பு வடிவில் செதுக்கப்பட்டிருந்தன. பூண் மூடியிருந்த அளவுக்கு மரத்தின் நிறம் வேறுபட்டிருந்தது. குதையை அராவிய அரம் கொம்பைக் கடந்து மரத்தையும் சிறிது தொட்டிருந்தது. அந்தக் கீறல் ஒரு பக்கத்தில் மட்டும் காணப்பட்டது. எனவே அக்கால நெடுவில்லின் பூண், பிற்காலப் பந்தய விற்களில் உள்ளதுபோல் இருபுறமும் பள்ளமுடையதன்று, ஒருபுறம் மட்டுமே பள்ளமுடையது என்பது தெளிவாயிற்று. ஒரு கீறல் ஒரு வழக்கத்தையே மீட்டுத் தந்தது.

அம்புகளும் இதே கதையைக் கூறின. அம்பின் குதை பிளவாதிருக்க, குதைக்குக் குறுக்காக மெல்லிய பிளவு ஒன்றிட்டு அதில் கொம்புச் சீவல் ஒன்றைச் செருகியிருந்தனர். சீவல் அழிந்தது, பிளவு மட்டும் எஞ்சியது. வில்லின் வெட்டுக்கும் அம்பின் வெட்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர்க்கு, இரண்டிற்கும் ஒரே காப்பு வேண்டும் என்பது வியப்பளித்திராது.

விற்களோடு அவற்றை ஏந்தியவர்களின் எலும்புகளும் கிடைத்தன. மனிதனின் தோள்பட்டை எலும்பின் முனைத்துண்டு, வளர்ச்சி நிறைவுறும் பருவத்தில் மற்றப் பகுதியோடு ஒன்றி இறுகவேண்டும். அக்கப்பலில் இறந்தோருள் இயல்பினும் மிகுதியான விழுக்காட்டினர்க்கு அம்முனை ஒன்றாமலே இருந்தது. இளமை முதலே வலிய வில்லை இழுத்துப் பழகியதன் அடையாளமாக அது இருக்கலாம் என எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட் கருதினார். வில்லின் நுனியைக் கொம்பு காத்தது. வில்லாளியின் தோள் நுனிக்குப் பூண் இல்லை.

மறுதலையான சான்று

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் அதே பிரித்தானியத் தீவில் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு தன் வடகோடி எல்லையாக இன்றைய ஸ்காட்லாந்தின் குறுக்கே ஒரு மதிலை எழுப்பியது. அம்மதிலையொட்டிய பார் ஹில் என்னும் கோட்டையில் ஒரு விற்படை தங்கியிருந்தது. அப்படை முதலில் திரட்டப்பட்ட இடம் சிரியா நாட்டின் ஹமா நகர்ப்புறம். வெயில் நாட்டிலிருந்து வந்து மழையும் பனியும் நீங்காத மண்ணில் காவல் நின்ற அவர்கள், தம் நாட்டு வில்லையும் உடன் கொண்டுவந்தனர்.

அவ்வில் மரம் மட்டும் கொண்டு செய்ததன்று. நடுவில் மரம், வயிற்றில் கொம்பு, முதுகில் விலங்கின் தசைநார் என மூன்றையும் ஒட்டிச் செய்தது. அதன் இரு நுனிகளிலும் நாண் பொருந்தும் இடத்தில் எலும்பாலும் மான்கொம்பாலும் ஆன பட்டைகள் ஒட்டப்பட்டன. ஈரமண்ணில் மரமும் தசைநாரும் மக்கின. பட்டைகள் மட்டும் எஞ்சின. வேல்ஸிலுள்ள கேர்லியன் கோட்டையிலும் இத்தகைய பட்டைகள் கிடைத்துள்ளன. கீழைநாட்டு வில் அங்கே இருந்தது என்பதற்கு அகழ்வாளர் கையில் கிடைத்த சான்று, குதை வெட்டிய அந்த எலும்புத் துண்டுகளே.

ஓரிடத்தில் வில் எஞ்சிப் பூண் அழிந்தது. மற்றோரிடத்தில் பூண் எஞ்சி வில் அழிந்தது. இரண்டையும் இணைத்து ஒட்டிய கைவினைஞன், ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது என்றே எண்ணியிருப்பான். காலம் அவ்விணைப்பைப் பிரித்தது. எனினும் எஞ்சியது எதுவாயினும், அழிந்ததன் வடிவை அது தன்மேல் சுமந்தே நின்றது.

நம் நாட்டில்

இந்திய மண்ணில் வில்லின் வரலாறு தொன்மையானது. ஆயின் வெப்பமும் ஈரமும் கறையானும் மிகுந்த நம் நாட்டில் பழைய மரவிற்கள் நிலைபெறவில்லை. இங்கே நமக்குச் சான்றாவன சொற்களே.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் படைக்கலங்களைக் கூறுமிடத்தில் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகிய நால்வகைப் பொருளால் விற்கள் செய்யப்படும் என்கிறது. நெடுங்காலம் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த அந்நூலின் சுவடியை மைசூரில் சாம சாஸ்திரி கண்டறிந்து 1909-இல் பதிப்பித்தார். கொம்பை வடமொழியில் 'சிருங்கம்' என்பர். அதனால் ஆன வில் 'சார்ங்கம்'. திருமாலின் வில்லுக்கு அதுவே பெயர். மார்கழி வைகறையில் திருப்பாவை ஓதும் இல்லங்களில், மழையை வேண்டும் பாட்டில் அச்சொல் ஒலிக்கிறது. கொம்பால் வில் செய்த பண்டைத் தொழிலின் எச்சம் அச்சொல்லுள் இருப்பதை ஓதுவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழில் சேரரின் இலச்சினை வில். 'சிலை' என்னும் சொல் வில்லையும் குறிக்கும். ஒரு மரவகையையும் குறிக்கும். சேரர் ஏந்திய வில் ஒன்றும் நம் கையில் இல்லை. அதன் நுனி எவ்வாறு அமைந்திருந்தது எனக் காட்ட ஓர் எலும்புப் பட்டையும் இல்லை. ஆயினும் 'குதை' என்னும் சொல் இருக்கிறது. நாண் பொருந்தும் அச்சிறு பள்ளத்திற்குத் தனிப்பெயர் இட்டு வழங்கிய மக்கள், அதன் அருமையை அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். எவரும் தாம் பொருட்படுத்தாத ஒன்றுக்குப் பெயர் இடுவதில்லை.

பழைய இடர், புதிய நாண்

இக்கதை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சணல் நாணின் இடத்தைச் செயற்கை இழைகள் பிடித்தன. முதலில் வந்த பாலியெஸ்டர் இழை சிறிது நீண்டு கொடுக்கும் இயல்பினது. குதையின்மேல் விழும் அதிர்ச்சியை அதுவே ஓரளவு ஏற்றுக்கொண்டது. 1980-களில் பரவிய வலிய பாலிஎதிலீன் இழையோ அவ்வாறு நீள்வதில்லை. அம்பு விரைவாகப் பறந்தது. அதிர்ச்சி முழுதும் குதையின்மேல் விழுந்தது. மெல்லிய அந்நாண் பழைய விற்களின் நுனிகளை அறுத்தது. பூணில்லாத விற்களில் அதனைப் பூட்டலாகாது என எச்சரிக்கை செய்ய வேண்டியதாயிற்று.

தீர்வு முன்னமே இருந்தது. எருமைக் கொம்பு, மான்கொம்பு, கருங்காலி போன்ற கடுமரம், பிசினில் தோய்த்து இறுக்கிய துணிப்பலகை ஆகியவற்றைப் பட்டையாக நறுக்கி, வில்லின் நுனியில் மேலிட்டு ஒட்டினர். வச்சிரப் பசையின் இடத்தில் எபாக்சிப் பிசின் வந்தது. அரம் அதே அரம். பள்ளம் அதே பள்ளம். இன்றும் கையால் மரவில் செய்யும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கின்றனர். வில்லை முடிக்கும் தறுவாயில் அவர்கள் இப்பட்டையை ஒட்டி, விளிம்பை மழுக்கி, நாணின் கண்ணியைப் பொருத்திப் பார்க்கின்றனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் கைவினைஞன் அறிந்திருந்ததை அவர்கள் நூல்களில் படித்தும், அழிந்த பூணின் தடத்தை ஆராய்ந்தும், பல விற்களை ஒடித்தும் மீண்டும் கற்றனர். தொழில் இடையறாது கைமாறி வந்திருந்தால் அவ்வளவு விற்களை ஒடிக்க நேர்ந்திராது.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நம்மோடு வந்தவை எல்லாம் நிலைக்கா. சில பொருள்கள் வழியிலேயே அழியும். சில பழக்கங்கள் நம் தலைமுறையோடு நிற்கும். எது எஞ்சும் என்பதைப் பெரும்பாலும் நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் எஞ்சியதன் பெயரை வழங்குவது நம் கையில் இருக்கிறது. வரும் தசராவில் பிள்ளையின் வில்நுனி பிளந்தால், நூலைச் சுற்றிக் கட்டும்போது, "இது குதை, இதன்மேல் கட்டுவது பூண்" என்று சொல்லிக் கட்டுவோம். வில் ஒரு வாரத்தில் மூலையில் கிடக்கும். சொல் அந்தப் பிள்ளையிடம் இருக்கும்.